தீக்காயத்தின் ஆழத்தையும் பரப்பையும் கணிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

யாருக்காவது தீக்காயம் பட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் முதலில் கேட்பது "ரொம்ப எரியுதா?" என்றுதான். "அவ்வளவா எரியல" என்று பதில் வந்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. அந்த நிம்மதியை நம்பக்கூடாது. தோலின் முழு ஆழமும் வெந்துபோன இடத்தில் வலியை உணரும் நரம்பு நுனிகளும் கூடவே அழிந்திருக்கும், அதனால் எரிச்சல் இருக்காது. மேலோட்டமான காயம்தான் உயிர் போகிற மாதிரி எரியும். வலியை மட்டும் வைத்து முடிவெடுத்தால் கவனிக்க வேண்டிய காயத்தை விட்டுவிட்டு, தானாக ஆறும் காயத்துக்குப் பதறுவோம்.

தீக்காயத்தைக் கணிக்க ஐந்து கேள்விகள் உண்டு. எவ்வளவு ஆழம்? உடம்பில் எவ்வளவு பரப்பு? எந்த இடத்தில்? எதனால் பட்டது? யாருக்குப் பட்டது? இவற்றில் ஒன்று மோசமாக இருந்தாலே மற்ற நான்கும் லேசாக இருப்பதால் பயனில்லை. மருத்துவர் அல்லாத ஒருவர், அதாவது வீட்டில் இருப்பவர், ஆசிரியர், விடுதிக் காப்பாளர், பட்டறை மேற்பார்வையாளர் போன்ற யாரும், இந்த ஐந்தையும் பார்த்து "இதை வீட்டில் வைத்துப் பார்க்கலாமா, உடனே கிளம்ப வேண்டுமா" என்று முடிவு செய்யும் அளவுக்கு இங்கே விளக்குகிறேன். சிகிச்சை முடிவு மருத்துவருடையது.

கணிப்பதற்கு முன்னால் தண்ணீர்

காயத்தை உற்றுப் பார்த்துக்கொண்டு நேரத்தைக் கழிக்கக்கூடாது. அடுப்பை அணைத்து, ஆளை நகர்த்தி, குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். சாதாரணக் குளிர்ச்சியுள்ள தண்ணீர் 20 நிமிடம் காயத்தின் மேல் ஓட வேண்டும். குழாய் இல்லையென்றால் வாளியில் பிடித்து மக்கால் மெதுவாக ஊற்றிக்கொண்டே இருக்கலாம். காயம் பட்டு மூன்று மணி நேரத்துக்குள் செய்தாலும் பலன் உண்டு. எனவே பக்கத்து வீட்டில் நடந்தது உங்களுக்குத் தாமதமாகத் தெரிந்தாலும் தண்ணீரை விட்டுவிடாதீர்கள்.

ஐஸ் வைக்கக்கூடாது. அது ரத்தக் குழாய்களைச் சுருக்கி, பிழைக்கக்கூடிய தோலையும் சாகடிக்கும். காயம் பெரிதாக இருந்தால், குறிப்பாகக் குழந்தை என்றால், காயத்துக்கு மட்டும் தண்ணீர் விட்டு மீதி உடம்பைப் போர்வையால் மூடி வையுங்கள். உடம்பு மொத்தமாகக் குளிர்ந்து நடுங்க ஆரம்பித்தால் அது தனி ஆபத்து.

தண்ணீர் ஓடும்போதே மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு, அரைஞாண் கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். அரை மணி நேரத்தில் வீக்கம் வந்துவிட்டால் பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். உடையையும் அகற்ற வேண்டும். ஆனால் பாலியெஸ்டர், நைலான் துணி உருகித் தோலோடு ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், சுற்றிலும் கத்தரித்துவிட்டு அந்தத் துண்டை அப்படியே விட்டுவிடுங்கள்.

இன்னொரு விஷயம்: கடிகாரத்தைப் பார்த்து, காயம் பட்ட நேரத்தை எழுதி வையுங்கள். அது ஏன் முக்கியம் என்பது பரப்புக் கணக்கு வரும்போது தெரியும்.

பேனா மை, பற்பசை, இட்லி மாவு, மஞ்சள், காபித்தூள், முட்டையின் வெள்ளைக்கரு, தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். கிருமி சேரும் என்பது ஒரு காரணம். இந்தக் கட்டுரையின் பொருளுக்கு நேராகத் தொடர்புள்ள இன்னொரு காரணமும் இருக்கிறது: காயத்தின் ஆழத்தைச் சொல்வது அதன் நிறமும் ஈரமும்தான். மை பூசிய காயத்தில் மருத்துவருக்கு எதுவும் தெரியாது. அதைச் சுரண்டி எடுக்கும்போது நோயாளிக்கு இரண்டாம் முறை வலி. மருந்துக்கடையில் கேட்டால் உடனே எடுத்துத் தரும் வெள்ளைக் களிம்பான சில்வர் சல்ஃபாடயசினும் இப்படித்தான், காயத்தின் மேல் ஒரு வெண்படலத்தை உண்டாக்கி அடியில் இருப்பதை மறைத்துவிடும். மருத்துவர் பார்த்து முடிக்கும்வரை அதைப் பூச வேண்டாம்.

வாழை இலை பற்றிப் பலர் கேட்பார்கள். நம் நாட்டு மருத்துவமனைகளில் தீக்காயக் கட்டுக்கு வாழை இலையைப் பயன்படுத்தியிருப்பது உண்மை. அது காயத்தில் ஒட்டாது, எடுக்கும்போது வலிக்காது. ஆனால் அங்கே அதைக் கிருமி நீக்கிப் பயன்படுத்துகிறார்கள். கொல்லையில் அறுத்த இலையை அப்படியே புண்ணில் வைப்பது வேறு. மருத்துவமனை போகும்வரை துவைத்துக் காய்ந்த பருத்தித் துணியோ, சமையலறையில் உணவு மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளோ போதும். தாளைச் சுற்றிக் கட்டாமல் மேலே பரப்பி மட்டும் வையுங்கள்.

முதல் கேள்வி: எவ்வளவு ஆழம்?

தோலில் மேல்தோல், அதற்குக் கீழே உள்தோல், அதற்கும் கீழே கொழுப்பு என்று மூன்று அடுக்கு இருப்பதாக எடுத்துக்கொள்ளலாம். ரத்தக் குழாய்கள், நரம்பு நுனிகள், முடிக்கால்கள், வியர்வைச் சுரப்பிகள் எல்லாம் உள்தோலில் இருக்கின்றன. காயம் ஆறும்போது புதுத் தோல் முளைப்பது பெரும்பாலும் இந்த முடிக்கால்களிலிருந்தும் சுரப்பிகளிலிருந்தும்தான். அவை மிச்சமிருந்தால் காயம் தானாக ஆறும். அவையும் வெந்திருந்தால் விளிம்பிலிருந்து மட்டுமே தோல் வளர வேண்டும், பெரிய காயத்தில் அது நடக்காது. ஆழத்தைக் கணிப்பது என்றால் 'புதுத் தோல் முளைக்க அடியில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா' என்று பார்ப்பதுதான்.

மேலோட்டமான காயம், அதாவது முதல் நிலை: மேல்தோல் மட்டும் பாதிக்கப்பட்டிருக்கும். சூடாக, வறண்டு, தொட்டால் எரியும். கொப்புளம் இருக்காது. ஒரு வாரத்துக்குள் தோல் உரிந்து தழும்பில்லாமல் ஆறிவிடும். வெயிலில் கன்றிப்போவது இந்த வகை.

இரண்டாம் நிலையை ஒரே வகையாகப் பேசுவதுதான் பெரிய குழப்பம். அதில் இரண்டு வகை உண்டு, இரண்டின் போக்கும் வேறு. உள்தோலின் மேல்பகுதி மட்டும் வெந்தால் கொப்புளம் எழும், உடைந்த இடம் ஈரமாகவும் பளபளப்பாகவும் இளஞ்சிவப்பாகவும் இருக்கும், காற்றுப் பட்டாலே துடிப்பார்கள். இது இரண்டு வாரத்தில், அதிகம் போனால் மூன்று வாரத்தில் ஆறும். உள்தோலின் அடிப்பகுதி வரை வெந்தால் கொப்புளம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அடித்தளம் திட்டுத் திட்டாகச் சிவப்பும் வெளுப்புமாக, ஈரம் குறைந்து இருக்கும். எரிச்சல் குறைவு, அழுத்தினால் மட்டும் வலி தெரியும். இது ஆற மூன்று வாரத்துக்கு மேலாகும், தடித்த தழும்பு விழும், பல நேரம் தோல் ஒட்டு அறுவை சிகிச்சையும் தேவைப்படும்.

மூன்றாம் நிலையில் உள்தோல் முழுவதும் போய்விட்டது. வெள்ளையாகவோ மெழுகு நிறத்திலோ பழுப்பாகவோ கருகியோ இருக்கும். வறண்டு, விறைத்து, பதனிட்ட செருப்புத் தோலைத் தொடுகிற மாதிரி இருக்கும். வலி உணர்வு இருக்காது. அதையும் தாண்டித் தசை, எலும்பு வரை போவதை நான்காம் நிலை என்கிறார்கள். உயர் மின்னழுத்தக் காயங்களில் இது நிறைய.

அழுத்திப் பார்க்கும் சோதனையை நீங்களும் செய்யலாம். கையை நன்றாகக் கழுவிக்கொண்டு, காயத்தின் ஈரமான பகுதியை விரலால் மெதுவாக இரண்டு விநாடி அழுத்தி விடுங்கள். அழுத்திய இடம் வெளுத்து, விட்டதும் சட்டென்று நிறம் திரும்பினால் ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது, ஆழம் குறைவு. நிறம் மெதுவாகத் திரும்பினால் ஆழம் அதிகம். நிறம் மாறவே இல்லை, சிவப்பு சிவப்பாகவோ வெள்ளை வெள்ளையாகவோ அப்படியே இருக்கிறது என்றால் அங்கே ரத்த ஓட்டம் நின்றுவிட்டது. ஊசி முனையால் குத்தி உணர்வு பார்ப்பது மருத்துவரின் வேலை, வீட்டில் வேண்டாம். கொப்புளத்தையும் உடைக்க வேண்டாம். அடித்தளத்தைப் பார்க்க வேண்டுமென்றால் மருத்துவமனையில் சுத்தமான முறையில் திறந்து பார்ப்பார்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தீக்காயப் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. 'சிவந்திருந்தால் முதல் நிலை' என்று படித்துவிட்டு மாநிறத் தோலையோ கறுப்புத் தோலையோ பார்த்தால் சிவப்பே தெரியாது. நம் தோலில் அது சுற்றியுள்ள நிறத்தைவிடச் சற்றுக் கருத்தோ செம்பு நிறத்திலோ ஊதாச் சாயலிலோதான் தெரியும். அதனால் கண்ணை மட்டும் நம்பாமல் புறங்கையை வைத்துச் சூடு இருக்கிறதா என்று பாருங்கள், எதிர்ப்புறக் கை காலோடு ஒப்பிடுங்கள். அடுத்தது, தோலின் நிறமி இருப்பது மேல்தோலில். அது உரிந்துவிட்டால் எவ்வளவு கறுத்த தோலாக இருந்தாலும் அடியில் இளஞ்சிவப்பாகவோ வெளுப்பாகவோதான் தெரியும். இதைப் பார்த்து "வெள்ளையா போயிடுச்சு, மூணாம் நிலை" என்று வீட்டில் அழுகை எழும். ஈரமாக இருக்கிறதா, அழுத்தினால் நிறம் திரும்புகிறதா, தொட்டால் வலிக்கிறதா என்று பாருங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால் அது ஆழமில்லாத காயம். சுண்ணாம்பு மாதிரி வறண்ட வெள்ளை, நிறம் திரும்பவில்லை, உணர்வும் இல்லை என்றால்தான் பயப்பட வேண்டும்.

ஆழம் எதைப் பொறுத்தது? சூட்டையும் அது தோலில் இருந்த நேரத்தையும். 44 டிகிரி செல்சியஸ் சூடு பெரியவர் ஒருவரின் தோலை வேக வைக்கச் சுமார் ஆறு மணி நேரம் எடுக்கும், 60 டிகிரிக்கு ஐந்து விநாடி போதும். 1947-ல் மோரிட்ஸ், ஹென்ரிக்கஸ் என்ற இருவர் வெளியிட்ட இந்தக் கணக்குதான் இன்றும் அடிப்படை. வெந்நீர் கொட்டினால் வழிந்து ஓடிவிடும். சாம்பார், பாயசம், கஞ்சி கெட்டியானவை, தோலில் ஒட்டிக்கொண்டு சூட்டைத் தந்துகொண்டே இருக்கும். பொரிக்கும் எண்ணெயோ 170, 180 டிகிரியில் இருப்பது, அதுவும் ஒட்டும். எனவே 'எது கொட்டியது, உடை எவ்வளவு நேரம் மேலே இருந்தது, எத்தனை நிமிடத்தில் தண்ணீர் ஊற்றினீர்கள்' என்று மருத்துவர் துருவிக் கேட்பார். ஆழத்தைப் பற்றிய பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். பைக் சைலன்சர் கெண்டைக்காலில் பட்ட காயம் உள்ளங்கை அளவுகூட இருக்காது. ஆனால் உலோகத்தின் சூடு ஒரே இடத்தில் இறங்குவதால் பார்ப்பதைவிட ஆழமாக இருக்கும், வாரக்கணக்கில் ஆறாமல் இழுக்கும்.

முதல் நாள் பார்த்தது முடிவல்ல

இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பணியாற்றிய டக்ளஸ் ஜாக்சன் 1953-ல் ஒரு விளக்கம் தந்தார். தீக்காயத்தில் மூன்று வட்டங்கள் உண்டு. நடுவில் செத்த திசு, அதைச் சுற்றி ரத்த ஓட்டம் மந்தமாகி உயிருக்குப் போராடும் திசு, வெளியே வெறுமனே சிவந்து ரத்த ஓட்டம் கூடிய திசு. நடுவட்டத்தைக் காப்பாற்ற முடியாது, வெளிவட்டம் தானாகச் சரியாகும். இரண்டுக்கும் இடையிலுள்ள வட்டம்தான் எந்தப் பக்கமும் சாயும். நீர்ச்சத்து குறைந்தாலோ, கிருமி தாக்கினாலோ, இறுக்கிக் கட்டினாலோ அதுவும் செத்துப்போகும். முதல் நாள் இரண்டாம் நிலையாகத் தெரிந்த காயம் மூன்றாம் நாள் மூன்றாம் நிலையாவது இப்படித்தான். "டாக்டர் முதல்ல லேசான காயம்னு சொன்னாரே" என்று குடும்பத்தினர் கோபப்படுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. அனுபவமுள்ள அறுவை மருத்துவர்கள் கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்லும் ஆழமே ஏறத்தாழ மூன்றில் இரண்டு முறைதான் சரியாக அமைகிறது. லேசர் டாப்ளர் என்ற கருவி தோலின் ரத்த ஓட்டத்தை அளந்து இதைத் துல்லியமாக்கும், ஆனால் அது சில பெரிய மையங்களில்தான் இருக்கிறது.

எனவே ஆழத்தை 48 முதல் 72 மணி நேரத்துக்குள் மறுபடியும் பார்க்க வேண்டும். தினமும் ஒரே வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து, ஃபில்டர் எதுவும் இல்லாமல் போட்டோ எடுத்து வையுங்கள். மருத்துவருக்கு அது மிகவும் உதவும்.

இரண்டாம் கேள்வி: எவ்வளவு பரப்பு?

உடம்பின் மொத்தத் தோலில் எத்தனை சதவீதம் என்பதுதான் பரப்புக் கணக்கு. கணக்கைத் தொடங்குமுன் ஒரு விதி: முதல் நிலைக் காயத்தை, அதாவது வெறும் சிவப்பை, சேர்க்கக்கூடாது. கொப்புளம் வந்த இடம், தோல் உரிந்த இடம், அதைவிட ஆழமான இடம் மட்டுமே கணக்கில் வரும். 'நாற்பது சதவீதம்' என்று கேட்டுப் பயந்து வரும் காயம் சரியாக அளந்தால் பாதியாக இருப்பதற்கு இந்தத் தவறே பெரும்பாலும் காரணம்.

எளிய அளவுகோல் நோயாளியின் சொந்தக் கை. விரல்களைச் சேர்த்து வைத்த உள்ளங்கை, விரல் நுனி முதல் மணிக்கட்டு வரை, அவருடைய உடம்பில் சுமார் ஒரு சதவீதம். விரல்களை விட்டுவிட்டால் அரை சதவீதம். கவனியுங்கள், நோயாளியின் கை, பார்ப்பவரின் கை அல்ல. இரண்டு வயதுக் குழந்தையின் காயத்தை அப்பாவின் உள்ளங்கையால் அளந்தால் கணக்கு பெரிதும் தவறிவிடும். குழந்தையின் கை அளவுக்கு ஒரு காகிதத்தை வெட்டி, காயத்தில் படாமல் மேலே பிடித்து எண்ணலாம். சிதறலாகப் பட்ட காயத்துக்கு இந்த முறைதான் பொருத்தம். உடம்பில் பெரும்பகுதி வெந்திருந்தால் வேகாத இடத்தை எண்ணி நூறிலிருந்து கழித்துவிடலாம்.

காயம் பெரிதென்றால் ஒன்பதின் விதி. அமெரிக்காவின் புலாஸ்கி, டென்னிசன் உருவாக்கிய முறையை அலெக்சாண்டர் வாலஸ் 1951-ல் வெளியிட்ட பிறகு உலகமெங்கும் பரவியது. பெரியவர்களுக்குத் தலையும் கழுத்தும் 9, ஒவ்வொரு கையும் 9, நெஞ்சும் வயிறும் சேர்ந்து 18, முதுகும் பிட்டமும் சேர்ந்து 18, ஒவ்வொரு காலும் 18, பிறப்புறுப்புப் பகுதி 1. கூட்டினால் நூறு. கையின் முன்பக்கம் மட்டும் என்றால் நாலரை, காலின் முன்பக்கம் மட்டும் என்றால் 9.

குழந்தைகளுக்கு இது பொருந்தாது. அவர்களுக்குத் தலை பெரியது, கால் சிறியது. ஒரு வயதுக் குழந்தையின் தலை 18 சதவீதம், ஒவ்வொரு காலும் 14. கைகளும் உடலும் பெரியவர்களைப் போலத்தான். ஒரு வயதுக்கு மேல் ஒவ்வொரு வயதுக்கும் தலையில் ஒன்றைக் குறைத்து, ஒவ்வொரு காலிலும் அரையைக் கூட்ட வேண்டும். நாலு வயதுக் குழந்தைக்குத் தலை 15, ஒவ்வொரு காலும் பதினைந்தரை. பத்து வயதில் பெரியவர்களின் கணக்கு வந்துவிடும்.

இதைவிடத் துல்லியமானது லண்ட்–ப்ரவுடர் அட்டவணை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1942 நவம்பரில் கோகோனட் க்ரோவ் என்ற இரவு விடுதி எரிந்து 492 பேர் இறந்தார்கள். அந்த விபத்தில் காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை தந்த அனுபவத்தோடு லண்டும் ப்ரவுடரும் 1944-ல் இதை வெளியிட்டார்கள். வயதுக்கு வயது தலை, தொடை, கணுக்கால்வரை தனித்தனிச் சதவீதம் அதில் இருக்கும். மருத்துவமனையில் மனித உருவப் படத்தில் வண்ணம் தீட்டி நிரப்புவது இதைத்தான்.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். 60 கிலோ எடையுள்ள பெண். குக்கர் மூடி பிய்த்துக்கொண்டு பருப்பு தெறித்தது. நெஞ்சுப் பகுதி முழுவதும் கொப்புளம்: முன்னுடலில் பாதி, 9. வலது கையின் முன்பக்கம்: நாலரை. கழுத்தில் அவருடைய உள்ளங்கையில் ஒன்றரை அளவு: ஒன்றரை. கன்னத்தில் வெறும் சிவப்பு: சேர்க்க வேண்டாம். மொத்தம் 15 சதவீதம்.

இந்த எண் எதற்கு? பெரிய தீக்காயத்தில் ரத்தக் குழாய்கள் கசிய ஆரம்பித்து, ரத்தத்தின் நீர்ப்பகுதி திசுக்களுக்குள் வடிந்துவிடும். பெரியவர்களுக்கு 15 சதவீதமும் குழந்தைகளுக்கு 10 சதவீதமும் தொட்டுவிட்டால் வாய்வழி நீர் மட்டும் போதாது, ட்ரிப்ஸ் தேவை. சார்லஸ் பாக்ஸ்டர் 1968-ல் தந்த பார்க்லேண்ட் சூத்திரப்படி எடை, சதவீதம், நான்கு மில்லிலிட்டர் மூன்றையும் பெருக்க வேண்டும். நம் கணக்கில் 60 × 15 × 4 = 3600 மில்லி, இது முதல் 24 மணி நேரத்துக்கான ட்ரிப்ஸ் அளவு. அதில் பாதி, 1800 மில்லி, முதல் எட்டு மணி நேரத்துக்குள் போக வேண்டும். எட்டு மணி நேரம் என்பது மருத்துவமனைக்கு வந்ததிலிருந்து அல்ல, காயம் பட்டதிலிருந்து. மூன்று மணி நேரம் கழித்து வந்தால் அந்த 1800 மில்லியை மீதி ஐந்து மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். இன்று பல மையங்கள் இதைவிடக் குறைந்த அளவில் தொடங்கி, சிறுநீர் போகும் அளவைப் பார்த்துக் கூட்டிக் குறைக்கின்றன. ஆனால் பரப்பைத் தப்பாகக் கணித்தால் எந்தச் சூத்திரமும் தப்பாகத்தான் போகும்.

இதில் குடும்பத்தினர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 30, 40 சதவீதம் வெந்தவர்கூட முதல் ஓரிரு மணி நேரம் தெளிவாகப் பேசுவார், தண்ணீர் கேட்பார், எழுந்து நடப்பார். "நல்லாத்தானே பேசுறார், காலையில போகலாம்" என்று தள்ளிப்போடுவார்கள். உள்ளே நீர் கசிந்துகொண்டிருக்கும், சில மணி நேரத்தில் ரத்த அழுத்தம் விழும். பேச்சை வைத்துக் கணிக்காதீர்கள், சதவீதத்தை வைத்துக் கணியுங்கள்.

மூன்றாம் கேள்வி: எந்த இடம்?

முகம், கண், காது, கை, பாதம், பிறப்புறுப்பு, மூட்டுகளின் மேல் பட்ட காயம் ஒரு சதவீதமாக இருந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும். கை விரல் மடிப்பில் விழும் தழும்பு இறுகினால் விரல் நிமிராது.

கை, கால், விரல், கழுத்து, மார்பு இவற்றைச் சுற்றி வளையம் போல வெந்திருந்தால் அது அவசரம். வெந்த தோல் விரியாது, உள்ளே வீக்கம் கூடிக்கொண்டே போகும், ரத்த ஓட்டம் அறுபடும். நுனி விரல்கள் சில்லிட்டிருக்கின்றனவா, மரத்திருக்கின்றனவா, நீலம் பாய்ந்திருக்கின்றனவா என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். மார்பைச் சுற்றி என்றால் மூச்சு விடுவதே கடினமாகும். மருத்துவமனையில் வெந்த தோலைக் கீறிவிட்டு இறுக்கத்தை விடுவிப்பார்கள்.

மூச்சுக்குழாய் வெளியே தெரியாத இடம். மூடிய அறைக்குள் தீயில் சிக்கினாரா, குரல் கரகரப்பாகிவிட்டதா, மூக்கு முடியோ புருவமோ கருகியிருக்கிறதா, சளியில் கரி வருகிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் உடம்பில் காயமே இல்லாவிட்டாலும் உடனே கிளம்புங்கள். தொண்டை வீங்கி அடைக்கச் சில மணி நேரம் ஆகலாம், அதற்குள் குழாய் பொருத்தியாக வேண்டும். கொரோனா காலத்தில் வாங்கிய விரல் ஆக்சிமீட்டரைப் போட்டு "98 காட்டுது" என்று நம்பிவிடாதீர்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஏறியிருந்தால் அந்தக் கருவிக்கு ஆக்சிஜனுக்கும் அதற்கும் வேறுபாடு தெரியாது, நல்ல எண்ணையே காட்டும்.

நான்காம் கேள்வி: எதனால்?

மின்சாரக் காயத்தில் தோலில் தெரிவதை நம்பவே கூடாது. மின்சாரம் உள்ளே போன இடத்திலும் வெளியே வந்த இடத்திலும் சின்னப் புள்ளிகள் இருக்கும், நடுவில் தசை வெந்திருக்கும். சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போனால் சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தை அடைக்கப் போகிறது என்று அர்த்தம். இதயத் துடிப்பும் தடுமாறலாம். மின்சாரக் காயத்துக்குச் சதவீதக் கணக்கு உதவாது, மயங்கி விழுந்திருந்தால் கண்டிப்பாக ஈசிஜி எடுக்க வேண்டும். மெயினை அணைக்காமல் ஆளைத் தொடாதீர்கள்.

ரசாயனம் என்றால் கழிப்பறை ஆசிட், பேட்டரி ஆசிட், காஸ்டிக் சோடா, சுண்ணாம்பு, சிமென்ட். அமிலத்தைவிடக் காரம் (காஸ்டிக் சோடா, சுண்ணாம்பு, சிமென்ட் வகை) ஆழமாக இறங்கும், தோலைக் கரைத்துக்கொண்டே போகும். கட்டட வேலை செய்பவர்களின் காலிலும் முழங்காலிலும் ஈரச் சிமென்ட் மணிக்கணக்கில் ஒட்டியிருந்தால் முதலில் வலியே தெரியாது, மாலையில் பார்த்தால் ஆழமான புண் இருக்கும். உலர்ந்த தூளாக இருந்தால் முதலில் தட்டி உதறிவிட்டு, பிறகு நிறைய தண்ணீரில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவுங்கள். ஆசிட்டுக்குச் சோப்பு, சுண்ணாம்புக்கு எலுமிச்சை என்று எதையும் எதிர்மருந்தாக ஊற்றாதீர்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு குழந்தையின் கண்ணில் பட்டால் இமையைப் பிரித்துப் பிடித்துக் கழுவிக்கொண்டே கண் மருத்துவரிடம் ஓட வேண்டும்.

தீபாவளிக் காயங்களில் கையில் வெடித்தது தனி ரகம். தோல் காயம் சின்னதாகத் தெரிந்தாலும் விரல் எலும்பும் தசைநாரும் பிய்ந்திருக்கும். மத்தாப்புக் கம்பியின் சூடு ஆயிரம் டிகிரியைத் தாண்டும். எரிந்து முடிந்த கம்பியை மிதித்த பாதத்தில் கோடு போல ஆழமான காயம் விழும்.

ஐந்தாம் கேள்வி: யாருக்கு?

குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் தோல் மெல்லியது, அதே சூடு அவர்களுக்கு ஆழமாக இறங்கும். சர்க்கரை நோயாளிகளை நான் தனியாகச் சொல்வேன். பாதத்தில் உணர்வு குறைந்தவர், உச்சிவெயிலில் கோயில் பிரகாரக் கல்லில் செருப்பில்லாமல் ஒரு சுற்று வருவார், ஒன்றும் தெரியாது. மாலையில் உள்ளங்காலில் பெரிய கொப்புளம். வெந்நீர்ப் பை ஒத்தடத்திலும் இதேதான். அவர்களுக்கு வலி இல்லாதது நரம்புக் கோளாறாலா, ஆழத்தாலா என்று வீட்டில் பிரித்தறிய முடியாது. எனவே சர்க்கரை நோயாளியின் பாதத்தில் பட்ட எந்தச் சூட்டுக்காயமும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். கர்ப்பிணிகள், இதய, சிறுநீரக நோயாளிகள் விஷயத்திலும் தயங்க வேண்டாம்.

குழந்தையின் இரண்டு பாதங்களிலும் சாக்ஸ் போட்ட மாதிரி ஒரே மட்டத்தில் காயம், சொல்லப்படும் கதையோடு பொருந்தவில்லை என்றால் வாயை மூடிக்கொண்டிருக்காதீர்கள், குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐ அழையுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181. மருத்துவமனையில் தீக்காயத்தைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது வழக்கமான நடைமுறை. அதற்குப் பயந்து தாமதிக்க வேண்டாம்.

எப்போது கிளம்ப வேண்டும்?

பெரியவருக்கு 10 சதவீதத்துக்கு மேல், குழந்தைக்கு 5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் தீக்காயப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு. எந்த அளவிலும் மூன்றாம் நிலைக் காயம், மேலே சொன்ன இடங்கள், வளையக் காயம், புகை, மின்சாரம், ரசாயனம் என்றாலும் அப்படியே. 108-ஐ அழைக்கும்போதே சதவீதத்தைச் சொல்லுங்கள். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தனித் தீக்காயப் பிரிவு இருக்கிறது. மற்ற ஊர்களில் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் முதலில் ட்ரிப்ஸ் ஏற்றிவிட்டு, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். முதலுதவி இல்லாமல் நேராக நூறு கிலோமீட்டர் ஓடுவதைவிட இது பாதுகாப்பு.

வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடியது எது? ஆரோக்கியமான பெரியவருக்கு, ஆபத்தான இடம் எதுவுமில்லாமல், அவருடைய உள்ளங்கை ஒன்றிரண்டைத் தாண்டாத, ஈரமான, வலிக்கிற, அழுத்தினால் நிறம் திரும்புகிற காயம். அதற்கும் டி.டி. ஊசி (ரணஜன்னித் தடுப்பூசி) போட்டு எவ்வளவு காலமாயிற்று என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாம் நாளுக்குப் பிறகு வலி கூடினாலோ, நாற்றம் வந்தாலோ, சுற்றிலும் சிவப்பும் வீக்கமும் பரவினாலோ கிருமி சேர்ந்திருக்கிறது. சின்னக் குழந்தைக்குக் காயம் சுத்தமாகவே தெரிந்தாலும், அடுத்த சில நாட்களில் காய்ச்சல், உடம்பெங்கும் தடிப்பு, வயிற்றுப்போக்கு, சோர்வு வந்தால் கிருமியின் நச்சு ரத்தத்தில் கலந்திருக்கலாம். அதை 'பல் முளைக்கிற காய்ச்சல்' என்று விட்டுவிடாமல் அதே மணி நேரத்தில் கிளம்புங்கள்.

இரண்டு வாரம் ஆகியும் காயம் சுருங்கும் அறிகுறியே இல்லையென்றால் முதல் கணிப்பைவிட ஆழம் அதிகம் என்று எடுத்துக்கொண்டு பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவரிடம் காட்டுங்கள். மூன்று வாரம் தாண்டி ஆறிய காயத்தில் தழும்பு தடிக்க வாய்ப்பு மிக அதிகம். அப்படித் தடிக்கத் தொடங்கினால் அழுத்த உடையும் சிலிக்கான் தாளும் உதவும், ஆனால் அவற்றைப் பல மாதம் விடாமல் பயன்படுத்த வேண்டும். புதுத் தோலின் நிறம் பழையபடி வரவும் பல மாதம் ஆகும். அதுவரை அந்த இடத்தை வெயிலிலிருந்து துணியால் மறைத்து வையுங்கள், வாசனையில்லாத எண்ணெயோ மாய்ஸ்சரைசரோ தினமும் தடவி நீவிவிடுங்கள்.